கைரோபிராக்டர்னா யாரு? டாக்டரா, சுளுக்கு வழிக்கிறவரா?

கல்யாண் ஸ்லோ | திங்கள், இரவு 10.20

எல்லாருக்கும் வணக்கம். அஞ்சு வாரமா இடுப்பு வலி. டோம்பிவிலியிலிருந்து குர்லா வரைக்கும் மும்பை லோக்கல் ரயில்ல தினமும் தொங்கிட்டுப் போற உடம்பு, அப்புறம் பி.கே.சி. ஆபீஸ்ல ஒன்பது மணி நேரம் நாற்காலி. வலி வராம இருந்தாத்தான் அதிசயம். வலது இடுப்புல ஆரம்பிச்சு பின்தொடை வழியா கீழே வரைக்கும் ஒரு இழுப்பு.

போன வாரம் ஆபீஸ்ல முதுகெலும்பு முகாம்னு ஒண்ணு போட்டாங்க. கட்டம் போட்ட பேனர் முன்னாடி நிக்க வச்சு ஒரு போட்டோ, அஞ்சு நிமிஷத்துல பிரிண்ட் அவுட். என் படத்து மேல சிவப்புக் கோடு கோடா. வலது தோள் ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கியிருக்காம், கழுத்து முன்னாடி நீண்டிருக்காம், மொத்தத்துல அலைன்மென்ட் போயிருச்சாம். டயர் கடையில கார் சக்கரத்துக்குச் சொல்ற அதே குரல். 24 சிட்டிங் 36,000 ரூபாய், இந்த வாரமே சேர்ந்தா 28,000. நான் 5,000 முன்பணம் கட்டிட்டேன். திட்டாதீங்க.

கார்டுல கைரோபிராக்டிக்னு போட்டிருக்கு. வீட்டம்மா, "எங்க ஊர்ல ஆத்தா உலக்கையால உருட்டி விடுற வேலைதானே இது, வெத்தலை பாக்கும் இருபது ரூபாயும் போதுமே"ங்கிறா. யாராவது விவரமாச் சொல்லுங்க. இது படிச்ச படிப்பா, கைவைத்தியமா?

தாராவிக்காரன் | திங்கள், இரவு 10.41

வீட்டம்மா சொன்னதுதான் சரி அண்ணாச்சி. எங்க தாத்தா திருநெல்வேலிப் பக்கம் சுளுக்கு வழிக்கிறவரு. இரட்டைப் புள்ள பெத்த பொம்பள மிதிச்சா பிடிப்பு விட்டுப்போகும்னு எங்க தெருவுல ஒரு அக்காவுக்கு வரிசையே நிக்கும். இப்ப யூடியூப்ல வெள்ளைக்காரன் துண்ட கழுத்துல மாட்டி இழுக்கான், மைக் வச்சு அந்தச் சடக்கு சத்தத்தப் பதிவு பண்ணுதான், கோடிப் பேரு பாக்கான். எங்க தாத்தாவுக்கு மைக் இல்ல, அம்புட்டுத்தான் வித்தியாசம்.

முலுண்ட் பிசியோ | திங்கள், இரவு 11.15

நான் முலுண்டில் பதினாலு வருஷமா பிசியோதெரபிஸ்ட். அதனால என் பேச்சில் கொஞ்சம் பங்காளிச் சண்டை வாடை அடிக்கும், கழிச்சுக்கிட்டுப் படிங்க.

கைரோபிராக்டிக் என்ற பேருக்கு கிரேக்கத்தில் கையால் செய்வது என்று அர்த்தம். ஆரம்பிச்சது கனடாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன டேனியல் டேவிட் பால்மர். அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில் காந்த சிகிச்சை செஞ்சுக்கிட்டிருந்தவர். 1895 செப்டம்பர் 18இல், அதே கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்த ஹார்வி லில்லர்ட் என்பவரின் முதுகில் துருத்திக்கிட்டிருந்த ஒரு முள்ளெலும்பைத் தள்ளிவிட்டதும் அவருக்குப் போயிருந்த காது கேட்க ஆரம்பிச்சது என்பது அந்தத் தொழிலின் பிறப்புக் கதை. ரெண்டு வருஷத்தில் பால்மர் பள்ளிக்கூடமே திறந்துட்டார். உரிமம் இல்லாம வைத்தியம் பார்த்தார்னு 1906இல் ஜெயிலுக்கும் போனார். அவர் மகன் பி.ஜே. பால்மர்தான் அதை ஊரறியச் செஞ்சவர்.

முதுகெலும்பு லேசா விலகினா நரம்பு அமுங்கும், அதனால்தான் நோய் வருது, விலகலைச் சரி பண்ணினா உடம்பு தன்னைத்தானே குணமாக்கிக்கும் என்பதுதான் பால்மர் சொன்னது. அந்த விலகலுக்கு அவங்க வச்ச பேர் சப்லக்ஸேஷன். இதை இன்னிக்கும் வேதவாக்கா நம்புறவங்க இருக்காங்க. அதை ஓரமா வச்சுட்டு இடுப்பு வலி, கழுத்து வலிக்கு மட்டும் கை வைக்கிறவங்களும் இருக்காங்க. போர்டு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். குழப்பமே அங்கதான்.

அமெரிக்காவில் இது முறையான தொழில். முதலில் சட்டம் போட்டது கான்சஸ், 1913இல். கடைசியா லூசியானா, 1974இல். கல்லூரிப் படிப்புக்கு மேல ஏறக்குறைய நாலு வருஷம் படிச்சு, தேர்வு எழுதி, மாநில உரிமம் வாங்கணும். ஆபரேஷன் கிடையாது. பெரும்பாலும் மாத்திரையும் எழுத மாட்டாங்க. உலக சுகாதார நிறுவனமே 2005இல் இந்தப் படிப்பு எப்படி இருக்கணும்னு ஒரு வழிகாட்டி போட்டிருக்கு. ஆக, தாராவி அண்ணன் சொல்ற மாதிரி மைக் மட்டும் வித்தியாசம் இல்லை.

அணுசக்தி நகர் பென்ஷனர் | செவ்வாய், காலை 5.50

நாற்பது வருடம் ஆய்வுக்கூடத்தில் இருந்தவன். காது கதை எனக்குப் பொறுக்கவில்லை. காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே போகிறது. முதுகு வழியாகப் போவதே இல்லை. முதுகைத் தள்ளினால் காது திறக்கும் என்பது, மாட்டுங்காவில் குழாயைத் திருகினால் முலுண்டில் தண்ணீர் வரும் என்பது போல.

இன்னொரு பொருத்தம் பாருங்கள். அதே 1895, நவம்பர் 8. ஜெர்மனியில் ராண்ட்கன் எக்ஸ்ரே கதிரைக் கண்டார். பால்மருக்கும் அவருக்கும் இடையில் 51 நாள்தான். எக்ஸ்ரேயை அடுத்த சில மாதங்களுக்குள் உலகெங்கும் செய்து பார்த்துவிட்டார்கள். சப்லக்ஸேஷனை 130 வருடமாகத் தேடுகிறார்கள். ஒரே படத்தை இரண்டு பேரிடம் கொடுத்தால் ஒரே இடத்தைக் காட்டுவதில்லை. பிரிட்டனில் கைரோபிராக்டர்களை ஒழுங்குபடுத்தும் பொது கவுன்சிலே 2010இல், இது ஒரு வரலாற்றுக் கருத்து, நோய்க்குக் காரணம் என்று சொல்ல ஆய்வு ஆதாரம் இல்லை என்று அறிக்கை விட்டது. சொந்த வீட்டிலேயே கைவிட்டாயிற்று.

பவாய் ரிட்டர்ன் | செவ்வாய், காலை 9.05

சார், பிறப்புக் கதையை வச்சு ஒரு தொழிலை எடை போட்டா, நம்ம சலூன்காரர்தான் ஒரு காலத்துல அறுவை வைத்தியர். நான் மெல்போர்ன்ல ஆறு வருஷம் இருந்தேன். அங்க அஞ்சு வருஷப் பல்கலைக்கழகப் படிப்பு, தேசியப் பதிவு எல்லாம் உண்டு. எனக்கு இடுப்பு பிடிச்சப்ப போனேன்.

முதல் நாள் 50 நிமிஷம். அதுல பாதி நேரம் அந்தம்மா கேள்விதான் கேட்டாங்க. ராத்திரி வலில முழிப்பு வருதா, எடை குறைஞ்சிருக்கா, காய்ச்சல் உண்டா, சிறுநீர் அடக்க முடியுதா. அப்புறம் முழங்கால்ல சுத்தியால தட்டிப் பார்த்தாங்க, காலைத் தூக்கச் சொன்னாங்க, பின்னூசி வச்சுப் பாதத்துல குத்திக் குத்தித் தெரியுதானு கேட்டாங்க. கை வச்சதே கடைசி பத்து நிமிஷம். குப்புறப் படுக்க வச்சாங்க. இடுப்புக்குக் கீழ இருக்கிற மேஜைப் பலகையை ஒரு அங்குலம் தூக்கி வச்சு, உள்ளங்கையால ஒரு அமுக்கு. பலகை 'தொப்'புனு கீழ விழும். வலிக்கல, ஆனா பயந்துட்டேன். நாலு தடவை போனேன், அஞ்சாவதுக்கு அவங்களே வேண்டாம், நடங்க போதும்னு சொல்லிட்டாங்க.

அமெரிக்க மருத்துவச் சங்கம் இவங்களை 1966இல் அறிவியலுக்குப் புறம்பான கூட்டம்னே எழுதி வச்சுது. டாக்டர்கள் இவங்களோட சேர்ந்து வேலை பார்க்கக் கூடாதுனு கட்டுப்பாடும் போட்டுது. வில்க் என்பவரும் இன்னும் சிலரும் 1976இல் வழக்குப் போட்டு, 1987இல் சங்கம் சதி பண்ணுச்சுனு தீர்ப்பே வாங்கினாங்க.

அணுசக்தி நகர் பென்ஷனர் | செவ்வாய், காலை 9.40

அந்தத் தீர்ப்பு வணிகப் போட்டிச் சட்டத்தின் கீழ் வந்தது தம்பி. கடையை மூட வைக்கச் சதி செய்தார்கள் என்றுதான் நீதிபதி சொன்னார். கடையில் விற்கிற சரக்கு நல்ல சரக்கு என்று சொல்லவில்லை. உங்கள் மெல்போர்ன் அம்மா கேட்ட கேள்விகள் மட்டும் எனக்குப் பிடித்திருக்கின்றன.

தாராவிக்காரன் | செவ்வாய், பகல் 1.10

அதெல்லாம் கெடக்கட்டும். சடக்குனு சத்தம் வருதுல்லா, அப்ப எலும்பு எடத்துல வந்து உக்காருதுன்னுதான அர்த்தம்? தாத்தா அப்படித்தான் சொல்லுவாரு.

முலுண்ட் பிசியோ | செவ்வாய், பகல் 2.30

இல்லண்ணே. மூட்டுக்குள்ள கொழகொழன்னு ஒரு திரவம் இருக்கு. மூட்டை வெடுக்குனு பிரிக்கும்போது உள்ள அழுத்தம் குறைஞ்சு ஒரு வாயுக் குமிழி உண்டாகுது, சோடா பாட்டிலைத் திறக்கிற மாதிரி. சத்தம் அதோடதுதான். 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரலை எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள்ள வச்சு இழுத்துப் படமே எடுத்தாங்க. ஒரு தடவை சொடக்கு எடுத்த விரல் அடுத்த இருபது நிமிஷத்துக்குச் சொடுக்காது, குமிழி கரையணும். எலும்பு எங்கேயும் போகவும் இல்ல, வரவும் இல்ல. சத்தமே வராட்டியும் வலி குறையலாம், சத்தம் வந்தும் குறையாமப் போகலாம்.

சொடக்கு எடுத்தா மூட்டு தேயும்னு பாட்டி திட்டினதும் பொய்தான். டொனால்ட் அங்கர்னு ஒரு அமெரிக்க டாக்டர் அறுபது வருஷத்துக்கு மேல இடது கையில மட்டும் சொடக்கு எடுத்து, வலது கையை அப்படியே விட்டுட்டு, ரெண்டுலயும் மூட்டுவாதம் இல்லைனு காட்டினார். 2009இல் அதுக்கு இக் நோபல் என்ற கேலிப் பரிசும் கிடைச்சுது. ஒரு ஆளை வச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாது. ஆனா அந்தப் பிடிவாதம்!

அப்ப பலன் எப்படி வருதுன்னா, வெடுக்குனு கொடுக்கிற அந்தச் சின்ன அசைவால தசை இறுக்கம் கொஞ்ச நேரம் விடுது, வலியை மூளை உணர்ற விதமும் மாறுது. பெரிசா இல்ல, மிதமான பலன். அமெரிக்க உள்மருத்துவர்கள் அமைப்பு 2017இல் புதுசா வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னாடி பண்ணிப் பார்க்கலாம்னு சொன்ன பட்டியல்ல சூட்டு ஒத்தடம், மசாஜ், அக்குபங்சரோட இதுவும் இருக்கு. நாள்பட்ட வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னதிலும் இருக்கு, உடற்பயிற்சியோட சேர்த்து. அதே வழிகாட்டி இடுப்பு பெல்ட்டும் முதுகை இழுத்து வைக்கிற டிராக்‌ஷனும் அல்ட்ராசவுண்ட் சிகிச்சையும் வேண்டாம்ங்குது. எங்க பிசியோ கிளினிக்குகளில் பாதி வருமானம் அதில்தான், அதையும் சொல்லிடறேன்.

24 சிட்டிங், தோள் ஒன்றரை சென்டிமீட்டர், இதுக்கெல்லாம் எந்த வழிகாட்டியிலும் இடமில்லை. யாருக்குத்தான் ரெண்டு தோளும் ஒரே மட்டம்? பை எந்தப் பக்கம் மாட்டுறோமோ அந்தப் பக்கம் இறங்கும்.

மாட்டுங்கா மாமி | செவ்வாய், மாலை 6.15

நான் ஒண்ணு கேக்கறேன். எங்காத்து மாமா மாசா மாசம் முடி வெட்டிண்டு வரச்சே அந்த சலூன்காரன் தலையைப் பிடிச்சு இடது வலதுன்னு ரெண்டு சடக்கு பண்ணி விடறான். இவருக்கு அதுல அப்படியொரு சுகம். எழுபத்திரண்டு வயசு. இதுவும் அந்த கைரோதானா? மருமாள் வேற, சிங்கப்பூர்ல பச்சைக் குழந்தைக்கெல்லாம் பண்றாளாம், அழுகை நிக்குமாம்கறா.

முலுண்ட் பிசியோ | செவ்வாய், மாலை 7.02

மாமி, மாமாவை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க. இன்னிக்கே.

கழுத்தெலும்பின் ரெண்டு பக்கமும் சின்னத் துளைகள் உண்டு. அதுக்குள்ள நூல் கோத்த மாதிரி ஒரு ரத்தக்குழாய் மேலே ஏறி, மண்டைக்குக் கிட்ட வளைஞ்சு மூளையின் பின்பக்கம் போகுது. தலையை வெடுக்குனு திருப்பும்போது அந்த வளைவில் குழாயின் உள்சுவர் கிழியலாம். கிழிஞ்ச இடத்தில் ரத்தம் உறையும், உறைஞ்சது மூளைக்குப் போனா பக்கவாதம். அபூர்வம்தான். ஏற்கெனவே குழாய் கிழிஞ்சு அதனால வந்த கழுத்து வலிக்கே சிலர் வைத்தியம் தேடிப் போறாங்க, பழி வைத்தியர் மேல விழுதுனு ஒரு வாதமும் இருக்கு. ஆனா 2024இல் கர்நாடகாவில் ஒரு சலூனில் கழுத்தைத் திருப்பிவிட்டதில் ஒரு இளைஞருக்குப் பக்கவாதம் வந்ததுனு செய்தி வந்துச்சே. படிச்ச கைரோபிராக்டர்கூட வயசு, ரத்த அழுத்தம், தலைச்சுற்றல் எல்லாம் கேட்டுட்டுத்தான் கழுத்துப் பக்கம் போகணும். சலூன்காரர் கேக்கறது 'தாடியும் எடுக்கவா'ங்கிறது மட்டும்தான்.

குழந்தை விஷயத்துக்கு ஆதாரம் இல்ல. 2019இல் ஆஸ்திரேலியாவின் கைரோபிராக்டிக் வாரியமே 2 வயசுக்குக் கீழே இருக்கிற குழந்தைகளின் முதுகெலும்பில் கை வைக்காதீங்கனு தன் ஆட்களுக்குச் சொல்லிடுச்சு. ஒரு கைக்குழந்தையைத் தலைகீழாத் தூக்கின வீடியோ வெளிவந்து நாடே கொதிச்சதுக்கு அப்புறம்.

மாட்டுங்கா மாமி | செவ்வாய், மாலை 7.30

சொல்லிட்டேன். மூஞ்சியைத் தூக்கி வச்சிண்டு உக்காந்திருக்கார்.

நிர்வாகி | செவ்வாய், இரவு 8.00

வாட்ஸ்ஆப் எண்ணோடு வந்த ரெண்டு விளம்பரப் பதிவுகளை நீக்கியாச்சு. மூணாவது வந்தா இழையையே பூட்டிடுவேன்.

பவாய் ரிட்டர்ன் | செவ்வாய், இரவு 8.20

இங்க சட்ட நிலைமை என்ன? அங்க யார் பதிவானவர்னு இணையத்துல தேடிப் பார்த்துக்கலாம்.

முலுண்ட் பிசியோ | செவ்வாய், இரவு 9.10

நம்ம நாட்டில் கைரோபிராக்டிக்குக்குன்னு தனிச் சட்டமோ கவுன்சிலோ கிடையாது. பிசியோவுக்கு மகாராஷ்டிராவில் மாநில கவுன்சில் இருக்கு, பதிவு எண் கேக்கலாம். சித்தா, ஆயுர்வேதம் படிச்சவங்களுக்கும் பதிவு உண்டு. கைரோபிராக்டர்னு போர்டு வைக்க யார்கிட்டயும் போய் நிக்க வேண்டியதில்ல. பிரிட்டனில் 1994 சட்டப்படி பதிவில்லாதவர் அந்தப் பேரைப் போட்டுக்கிட்டாலே குற்றம்.

அதனால மும்பையில் அந்த ஒரே போர்டுக்குப் பின்னாடி நாலு விதமான ஆள் இருக்கலாம். வெளிநாட்டில் முழுசாப் படிச்சு வந்தவர், அப்படிச் சிலர் நிஜமாவே இருக்காங்க. வாரக்கடைசி வகுப்பில் நாலு பிடி கத்துக்கிட்ட பிசியோ. ஜிம் டிரெய்னர். அப்புறம் யூடியூப் பார்த்தவர். எந்த நாட்டில், எந்தக் கல்லூரியில் படிச்சீங்க, அங்க உரிம எண் என்னனு கேளுங்க. பிரிட்டன்னா பதிவேடு இணையத்தில் இருக்கு, அமெரிக்கான்னா ஒவ்வொரு மாநில வாரியத்திலும் தேடலாம். ஒழுங்காப் படிச்சவருக்கு இந்தக் கேள்வியில் கோபம் வராது.

தாராவிக்காரன் | செவ்வாய், இரவு 9.45

இங்க மராட்டிக்காரங்க ஹாட்வைத்யன்னு சொல்லுவாங்க, எலும்பு வைத்தியரு. குஸ்தி பழகுத இடத்துக்குப் பக்கத்துல ஒருத்தராவது இருப்பாரு. சௌபாட்டியில எண்ணெய்ப் புட்டியக் கிணிகிணின்னு தட்டிக்கிட்டு வருவானே மாலிஷ்காரன், அவன்கூட கடைசியில முதுகுல ஒரு சடக்கு எடுப்பான். யாருமே ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. ஆனா எங்க தாத்தா கேப்பாரு, அத ஒத்துக்கிடணும். "எப்ப விழுந்த, எப்படி விழுந்த, கால் மரத்துச்சா?" மரத்துச்சுன்னு சொன்னா தொடவே மாட்டாரு. பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போன்னு விரட்டிருவாரு.

முலுண்ட் பிசியோ | செவ்வாய், இரவு 9.52

உங்க தாத்தா நல்ல வைத்தியர்.

கல்யாண் ஸ்லோ, உங்களைத்தான் கேக்கணும். இழுப்பு கீழ வரைக்கும்னா எதுவரைக்கும்? முழங்காலோட நிக்குதா, பாதத்துக்கு வருதா? மரத்துப்போகுதா? முகாமில் இதையெல்லாம் கேட்டாங்களா?

கல்யாண் ஸ்லோ | செவ்வாய், இரவு 10.30

கேக்கலை மேடம். போட்டோ மட்டும்தான். பெருவிரல் மேல கொஞ்சம் மரமரப்பு இருக்கு. அப்புறம், இது சம்பந்தம் உண்டானு தெரியல, ரெண்டு வாரமா வலது கால் செருப்பு நழுவுது. நடக்கிறப்ப கழண்டு பின்னாடி போயிடுது. செருப்பு பழசாயிருச்சுனு புதுசு வாங்கினேன், அதுவும் நழுவுது. போன வாரம் டோம்பிவிலி பாலப் படியில ஏறுறப்ப முனை தட்டி விழப் பார்த்தேன்.

முலுண்ட் பிசியோ | செவ்வாய், இரவு 10.34

இப்பவே எழுந்து, ரெண்டு பாதத்தின் முன்பக்கத்தையும் தூக்கிக்கிட்டு, குதிகாலால மட்டும் பத்தடி நடங்க. சுவத்தைப் பிடிச்சுக்கோங்க.

கல்யாண் ஸ்லோ | செவ்வாய், இரவு 10.41

இடது கால் நிக்குது. வலது நாலாவது அடியிலேயே தட்டையா விழுந்துடுது. வீட்டம்மா பார்த்துட்டுச் சிரிச்சா, ரெண்டாவது தடவை நடந்தப்ப சிரிக்கலை.

முலுண்ட் பிசியோ | செவ்வாய், இரவு 10.45

நாளைக்கு ஆபீஸ் வேண்டாம். முதுகெலும்பு பார்க்கிற எலும்பு மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ காலையிலேயே பாருங்க. பாதத்தைத் தூக்குற நரம்பு பலவீனமாயிருக்கு. அதைப் பார்க்கிற வரைக்கும் முதுகை யாரும், நான் உள்பட, திருகக் கூடாது. ராத்திரிக்குள்ள உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் வராட்டியோ, தெரியாமப் போனாலோ காலை வரைக்கும் காத்திருக்காதீங்க, நேரா அவசர சிகிச்சைப் பிரிவு.

மாட்டுங்கா மாமி | புதன், காலை 6.10

போனேளா? பதில் போடுங்கோ.

கல்யாண் ஸ்லோ | வெள்ளி, இரவு 9.15

எல்லாரும் மன்னிக்கணும், மூணு நாளா அலைச்சல். எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சு. இடுப்பில் நாலாவது எலும்புக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல இருக்கிற டிஸ்க் வலது பக்கம் பிதுங்கி நரம்பை நல்லா அழுத்திக்கிட்டிருக்காம். வலி இல்லாத ஆளுக்கும் எம்.ஆர்.ஐ.யில டிஸ்க் வீக்கம் தெரியும், இருபது வயசுலயே பத்துல மூணு பேருக்கு இருக்கும், அதனால படத்தை மட்டும் பார்த்துப் பயப்பட மாட்டேன், உங்க கால்தான் என்னைப் பயமுறுத்துதுனு டாக்டர் சொன்னார். மாத்திரை, வாரா வாரம் காலோட பலத்தைச் சோதிக்கணும். குறைஞ்சுக்கிட்டே போனா ஆபரேஷன். இப்போதைக்கு நின்ன இடத்துல நிக்குது, கூடவும் இல்ல குறையவும் இல்ல.

முகாம்காரங்களுக்கு போன் பண்ணினேன். நரம்பு பலவீனம் இருக்குனு சொன்னேன். அந்தப் பொண்ணு ஒரு நிமிஷம் லைன்ல வைங்கன்னுட்டு யார்கிட்டயோ கேட்டு வந்து, "சார், அப்ப 30 சிட்டிங் தேவைப்படும்"னா.

அணுசக்தி நகர் பென்ஷனர் | வெள்ளி, இரவு 9.30

அந்த 5,000?

கல்யாண் ஸ்லோ | வெள்ளி, இரவு 9.33

திரும்பத் தர மாட்டாங்களாம் சார். வேணும்னா வீட்டுல வேற யாருக்காவது மாத்திக்கலாமாம். வீட்டம்மாவுக்கு ரெண்டு தோளும் சமமா இருக்கானு கேட்டாங்க.

தாராவிக்காரன் | வெள்ளி, இரவு 9.36

ரசீது இருக்கா அண்ணாச்சி? சனிக்கிழமை நானும் வாரேன். சேர்ந்தே போய்க் கேப்போம். நீங்க பாலம் ஏற வேண்டாம், லிஃப்ட் இருக்கிற பக்கம் வாங்க.